பெயர்ப் பலகை மாறியபோது நான் படிக்காமல் விட்ட காகிதம்

2020 மார்ச் 31ஆம் தேதி நான் வேலையை ராஜினாமா செய்திருக்கிறேன். இந்த விஷயம் எனக்கே 2023 நவம்பரில்தான் தெரிய வந்தது.

நடுவில் மூன்றரை வருஷம் அதே ஆட்களோடு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். வீடியோ கேம்களுக்குச் சூழல் செய்கிற முப்பரிமாண ஓவியர் வேலை. விளையாடுகிறவர் நடந்து போகும் தெரு, இடிந்த மதில், படிக்கட்டு, பாறை, பாறைமேல் பாசி, மதிலைப் பிளந்து இறங்கும் ஆலவேர், இதெல்லாம் யாராவது உட்கார்ந்து கல் கல்லாகச் செய்வதுதான். அந்த யாரோ பெரும்பாலும் கேமை வெளியிடும் கம்பெனியில் இருக்கமாட்டார். பெங்களூரிலோ புனேயிலோ மணிலாவிலோ ஓர் அவுட்சோர்ஸ் ஸ்டூடியோவில் இருப்பார். நான் பெங்களூரில் இருந்தேன்.

ஊர் விக்கிரமசிங்கபுரம், திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசத்தை ஒட்டிய ஊர். பாளையங்கோட்டையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு 2014 ஜூனில் அந்த ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அப்போது அறுபது பேர்தான் இருந்தோம். ஆரம்பித்தவரே எங்களோடு உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார். ஒரு சுவரில் காரை பெயர்ந்த இடம் சரியாக வரவில்லை என்றால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். தொழிலை அங்கேதான் கற்றேன். அந்த நன்றி இன்றும் இருக்கிறது.

2018இல் அந்த ஸ்டூடியோவை வெளிநாட்டுக் குழுமம் ஒன்று வாங்கியது. கேக் வெட்டினார்கள், புதுச் சின்னம் போட்ட டீ-ஷர்ட் கொடுத்தார்கள். எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மருத்துவக் காப்பீட்டில் அம்மா அப்பாவையும் சேர்க்க முடிந்தது. மென்பொருள் உரிமங்கள் புதிதாக வந்தன. அந்தச் சமயத்தில் நடந்தது பங்கு விற்பனை. கம்பெனி அதே கம்பெனி, அதன் பங்குகளை வைத்திருப்பவர்தான் மாறினார். இந்த மாதிரி விற்பனையில் ஊழியரின் சர்வீஸ் தானாகவே தொடரும். புதிதாக எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நாங்களும் போடவில்லை.

2020இல் நடந்தது வேறு. குழுமம் இந்தியாவில் வைத்திருந்த சின்னச் சின்னக் கம்பெனிகளையெல்லாம் ஒரே புதுக் கம்பெனிக்குள் கொண்டுவந்தது. பொதுமுடக்கம் வருவதற்கு மூன்று நாள் முன்னால்தான் நாகர்கோவில் ரயிலைப் பிடித்து ஊருக்கு வந்திருந்தேன். வீட்டில் இணையம் சரியாக வரவில்லை, மாடியில் நின்று போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை. அந்த வாரத்தில் ஹெச்.ஆரிடமிருந்து மின்கையெழுத்துக்கு ஒரு கோப்பு வந்தது. நிர்வாக நடைமுறைதான், சம்பளமும் பதவியும் மாறாது, இன்று மாலைக்குள் போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அணியில் எல்லோரும் போட்டார்கள். நானும் மஞ்சள் கட்டம் காட்டிய இடங்களில் விரலால் தொட்டு முடித்தேன்.

அதற்குள் மூன்று காகிதங்கள் இருந்தன. பழைய கம்பெனியிலிருந்து மார்ச் 31 முதல் விலகுகிறேன் என்ற ராஜினாமா. புதுக் கம்பெனியில் ஏப்ரல் 1 அன்று சேருகிறேன் என்ற பணி நியமனக் கடிதம். புதிய ரகசியக் காப்பு ஒப்பந்தம். ‘முந்தைய சேவை தொடர்ச்சியாகக் கணக்கில் கொள்ளப்படும்’ என்ற ஒரு வரி எதிலும் கிடையாது. அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

2022 பொங்கலை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். ஒமைக்ரான் பரவியதால் ஊரிலிருந்தே வேலை. பொங்கலுக்கு முன்னால் ஜனவரி 10ஆம் தேதி டேக்-டூ என்ற கேம் கம்பெனி ஸிங்கா என்ற இன்னொரு கேம் கம்பெனியை சுமார் 1,270 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. கரிநாள் கழிந்து வீட்டில் பனங்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த நாட்களில், 18ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. 31ஆம் தேதி சோனி பஞ்சியை 360 கோடிக்கு வாங்குவதாக அறிவித்தது. மூன்றும் ஒரே மாசத்தில். எங்கள் அணியின் அரட்டைக் குழுவில் அன்று முழுக்கக் கொண்டாட்டம். இவ்வளவு பணம் தொழிலுக்குள் வருகிறது, நமக்கும் ஆர்டர் கூடும் என்றுதான் பேசினோம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், எங்கள் லீட், மட்டும் வேறு கேள்வி கேட்டார். “நம்ம கிளையன்ட் அஞ்சு பேருல இப்ப எத்தனை பேருக்கு ஒரே முதலாளி?”

கணக்குப் பார்த்தோம். 2017இல் எங்களுக்கு வேலை கொடுத்த ஐந்து ஸ்டூடியோக்களில் மூன்று, அடுத்த ஐந்து வருஷத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விற்கப்பட்டு ஒரே தாய்க் கம்பெனியின் கீழ் வந்திருந்தன. எங்கள் பட்டியலில் அவை இன்னும் ஐந்து பெயர்களாகத்தான் இருந்தன. வாசல் ஐந்து, வீடு மூன்று. இதை அன்றைக்கே முழுசாக உள்வாங்கியிருந்தால் அந்த வருஷமே வேறு வேலைக்கு மனு போட்டிருப்பேன்.

பெரிய கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கினால் பெங்களூரில் இருக்கும் ஓவியருக்கு ஏன் வேலை போக வேண்டும் என்று என் சித்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். வாங்குகிறவர் கையிலிருக்கும் காசில் மட்டும் வாங்குவதில்லை. கடன் வாங்குவார், அல்லது தன் பங்குகளையே விலையாகக் கொடுப்பார். இரண்டிலும், இனிமேல் வளர்ச்சி இப்படி இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் விலை. 2020, 2021இல் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்து கேம் விளையாடினார்கள், வட்டியும் அடிமட்டத்தில் இருந்தது. அந்த வளர்ச்சி அப்படியே நீளும் என்று நினைத்து விலை போட்டார்கள். 2022இல் வட்டி ஏறியது, மக்கள் வெளியே போனார்கள். கொடுத்த விலையை நியாயப்படுத்தச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டிய நிலை. விற்றுக்கொண்டிருக்கும் கேமில் யாரும் கை வைக்கமாட்டார்கள். இன்னும் வெளிவராத கேமை நிறுத்துவது எளிது. அதைவிட எளிது, வெளியே கொடுத்த வேலையை நிறுத்துவது. யாருக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டாம், செய்தியில் வராது, ஒரு மின்னஞ்சல் போதும்.

ஸ்வீடனின் எம்ப்ரேஸர் குழுமம் இதற்குக் கண்கூடான உதாரணம். ஊர் ஊராக ஸ்டூடியோக்களை வாங்கிக்கொண்டே போனார்கள். 2022இல் ஸ்கொயர் எனிக்ஸிடமிருந்து கிரிஸ்டல் டைனமிக்ஸையும் ஐடோஸ் மான்ட்ரியாலையும் 30 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 2023 மே மாசம், அவர்கள் நம்பியிருந்த 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைகூடவில்லை. பங்கு விலை ஒரே நாளில் சரிந்தது. ஜூனில் மறுசீரமைப்பு அறிவிப்பு. ஆகஸ்ட் முடிவில் முப்பது வருஷமாக இருந்த வொலிஷன் ஸ்டூடியோவை மூடினார்கள். 2024இல் குழுமத்தையே மூன்றாகப் பிரிக்கப்போவதாக அறிவித்தார்கள். மூடப்பட்டவர்களின் வேலையில் குறை இருந்ததால் மட்டும் நடந்தது என்று இதைச் சொல்லவே முடியாது. பணம் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

எல்லா விற்பனையும் இப்படி முடியும் என்றும் நான் சொல்லமாட்டேன். பெங்களூரின் துருவா இன்டராக்டிவ் 1997இல் தொடங்கியது, இந்தியாவின் முதல் கேம் ஸ்டூடியோக்களில் ஒன்று. அதை ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் வாங்கியது. 2018 கடைசியில் ஸ்டார்பிரீஸே கடனில் தத்தளித்தபோது, துருவாவின் பங்குகளை 2019இல் ராக்ஸ்டார் என்ற கேம் கம்பெனி சுமார் 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. அங்கே வேலை தொடர்ந்தது. கப்பல் முழுகும்போது வேறொரு கப்பல் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டால் அதுவும் விற்பனைதான். நான் சொல்லவருவது, எந்தக் கப்பல் வரும் என்பது நம் கையில் இல்லை, நம் கையில் சீட்டு இருக்கிறதா என்பது இருக்கிறது.

2023இல் நாங்கள் ஒரு கேமுக்காகப் பெரிய ஆற்றங்கரை ஊர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். எந்தக் கேம், யாருடையது என்பதை இன்றும் சொல்லக் கூடாது. அதில் ஒரு படித்துறை என் பொறுப்பு. பதினோரு மாசம் அதில்தான் இருந்தேன். தண்ணீர் எந்தப் படிவரை ஏறும், எந்தப் படியில் பாசி கறுப்பாகவும் எதில் பச்சையாகவும் இருக்கும், துணி துவைத்துத் துவைத்துக் கல் எங்கே வழுவழுப்பாகியிருக்கும் என்பதெல்லாம் எனக்குப் பாபநாசத்தில் பிறந்ததிலிருந்து தெரியும். கோவிலுக்கு முன்னால் மீனுக்குப் பொரி போடும் அந்தப் படிகளில் சின்ன வயசில் வழுக்கி விழுந்து நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. என் வாழ்நாளில் செய்த வேலையில் மிகச் சிறந்தது அந்தப் படித்துறைதான். செப்டம்பரில் கேம் கைவிடப்பட்டது. ஒரு புதன்கிழமை மாலை கோப்புகள் இருந்த சர்வர் மூடப்பட்டது. அந்தப் படிகளில் இனி யாரும் இறங்கமாட்டார்கள். என் போர்ட்ஃபோலியோவில் அதன் ஒரு படம்கூட இல்லை.

நவம்பரில் எங்கள் முறை வந்தது. காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு, பத்து நிமிஷம். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் இரண்டு மாசச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தருவோம், இல்லையென்றால் டெர்மினேஷன் என்று பதிவாகும் என்றார்கள். பயந்துபோய் அங்கேயே சம்மதித்தேன். பத்தரைக்கு அலுவலக மின்னஞ்சல் திறக்கவில்லை. என் முதல் பணி நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், மாசாமாசம் வந்த சம்பளச் சீட்டு எல்லாமே அந்த மின்னஞ்சலுக்குள்தான் இருந்தன. ஒன்பது வருஷத்தில் ஒன்றைக்கூட என் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவைத்தது இல்லை.

எங்களோடு அழைப்பில் இருந்த இன்னொருத்தி, “நாளைக்குப் பதில் சொல்கிறேன், இப்போது கையெழுத்துப் போடமாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். சண்டை போடவில்லை. மறுநாள் அவளுக்கு மூன்று மாசச் சம்பளம் கொடுத்தார்கள், விடுப்புப் பணமும் முழுசாக வந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டதற்கு அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு முடிக்கும் சீட்டு வந்தபோது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, என்ற இடத்தில் பூஜ்யம். கேட்டேன். புதுக் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷம் ஏழு மாசம்தான் ஆகிறது, ஐந்து வருஷம் ஆகவில்லை என்றார்கள். 2014இலிருந்து இருக்கிறேனே என்றால், நீங்கள்தான் 2020இல் ராஜினாமா செய்துவிட்டீர்களே என்று அந்தக் காகிதத்தை அனுப்பினார்கள். கீழே என் கையெழுத்து.

எங்கள் ஊர் மில் ஊர். 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி விழுகிற வேகத்தை வைத்து மில்லை ஓட்டலாம் என்று பாபநாசம் பக்கம் வந்து தொடங்கியது. பிறகு தூத்துக்குடியிலும் மதுரையிலும் மில்கள் வந்தன. எல்லாம் மதுரா மில்ஸ் என்று ஒரே கம்பெனியாகி, 1974இல் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. தாத்தா அங்கேதான் 1961இல் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மில் சங்கைக் கேட்பதுதான் அதிகம். அமெரிக்காவில் கம்பெனி கம்பெனியை வாங்குவதை நான் பெரிய புதுமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், அதை ஷிஃப்டு முடிந்து சைக்கிளில் வந்து என்னைத் தூக்கிக்கொண்ட மனிதர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்.

திண்ணையில் வைத்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஏட்டி, கையெழுத்துப் போட்டியே, வாசிச்சியா?”

“இல்ல தாத்தா. எல்லாரும் போட்டாவ.”

அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “பேரு மாறும்போது நாங்க சங்கத்துல போயி ஒரே ஒரு சங்கதிதான் கேட்டோம். சர்வீசு சேருமா சேராதா? மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்லா.” உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பழைய பெயர் போட்ட சீட்டுகளும் புதுப் பெயர் போட்ட சீட்டுகளும் நூல் கட்டிய ஒரே கட்டில். “இதுல எது வேணும்னு அப்ப எனக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் வச்சேன். சரி, ஒங்கிட்ட என்ன இருக்கு, அதச் சொல்லு.”

என்னிடம் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தேடினேன். வருமான வரிக்குக் கொடுத்த படிவம் 16, 2015இலிருந்து எல்லா வருஷத்துக்கும், ஆடிட்டர் அண்ணனிடம் இருந்தது. சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் அறிக்கை. அதைவிட முக்கியமானது பி.எஃப். பாஸ்புக். கம்பெனி மாறினாலும் மாறாத யூ.ஏ.என். என்ற ஒரே பி.எஃப். எண்ணின் கீழ் இரண்டு உறுப்பினர் எண்கள். முதல் எண்ணில் சேர்ந்த தேதி ஜூன் 2014, விலகிய தேதி 31-03-2020. அந்தத் தேதியைப் பதிவுசெய்தது கம்பெனியேதான்.

அம்பாசமுத்திரத்தில் தாத்தாவுக்குத் தெரிந்த, தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் அதைப் பார்த்ததும் சிரித்தார். “அவிய சொல்லுதது சரின்னே வச்சிக்கிடுவோம். 2020ல நீ ராஜினாமா பண்ணிட்ட. அப்ப பழைய கம்பெனியில ஒனக்கு அஞ்சு வருசத்துக்கு மேல ஆயிட்டுல்லா? ராஜினாமா பண்ணுனாலும் கிராஜுவிட்டி உண்டும்மா. அத ஏன் இன்னும் குடுக்கல?”

எனக்கு அது தோன்றவே இல்லை. சர்வீஸ் தொடர்கிறது என்றால் ஒன்பது வருஷத்துக்குக் கொடுக்க வேண்டும். முறிந்துவிட்டது என்றால் அப்போதே முதல் பகுதிக்குக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்று சொல்ல வழியே கிடையாது.

அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டத்தில் கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருஷக் கணக்கால் பெருக்க வேண்டும். கடைசி வருஷத்தில் ஆறு மாசத்துக்கு மேல் இருந்தால் முழு வருஷமாக எடுத்துக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் என் அடிப்படைச் சம்பளம் 28,000 ரூபாய். ஐந்து வருஷம் பத்து மாசம், ஆக ஆறு வருஷம். ரூ. 96,923. படிவம் ‘ஐ’ என்று ஒரு விண்ணப்பம் இருந்தது. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மட்டும் சொல்லி நிராகரிக்கக் கூடாது என்றும் இருந்தது. மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். பாஸ்புக் நகலோடு ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்பினோம். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போவோம் என்று கடைசியில் ஒரு வரி. இரண்டு தடவை நினைவூட்டிய பிறகு 2024 ஏப்ரலில் பணம் வங்கியில் ஏறியது. தாமதத்துக்கு வட்டி கேட்கலாம் என்று மாமா சொன்னார், நான் அதற்குமேல் போகவில்லை. இரண்டாவது பகுதியின் மூன்று வருஷம் ஏழு மாசம் போனது போனதுதான். ‘சேவை தொடர்ச்சி’ என்ற அந்த ஒரு வரியை 2020இல் கேட்டு வாங்கியிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும்.

இதே வழியில் இருப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். கம்பெனி கைமாறுகிறது என்று கேள்விப்பட்டதும் விசாரிக்க வேண்டியது, பங்கு விற்பனையா, தொழிலை வேறு கம்பெனிக்கு மாற்றுகிறார்களா என்பது. ராஜினாமா என்ற சொல் காகிதத்தில் எங்கே இருந்தாலும் அது இரண்டாவது வகை. கையெழுத்துக்கு முன்னால் சேர்ந்த தேதி, சேவைத் தொடர்ச்சி, மீதி விடுப்பு, நோட்டீஸ் காலம் இந்த நாலும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் கேட்காதீர்கள். மாசம் ஒரு தடவை சம்பளச் சீட்டை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். கிளையன்ட் கோப்பு ஒன்றையும் அப்படி மாற்றாதீர்கள், அது வேறு வம்பு. பி.எஃப். பாஸ்புக்கைப் புதுக் கம்பெனி வந்த மூன்றாவது மாசமே திறந்து பாருங்கள். நீங்கள் விலகியதாகப் பதிவாகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கேம் வேலையில் பலரை ஒரு புராஜெக்டுக்கு மட்டும், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். அப்படி நேரடியாக எடுக்கப்பட்டவருக்கு இப்போது ஒரு வருஷம் முடிந்தாலே பணிக்கொடை உண்டு, ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. இது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை.

என் பெரியம்மா பையன் கல்லிடைக்குறிச்சியில் பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கு இந்தக் கதையெல்லாம் வேலை பார்ப்பவர்கள் பாடு என்று ஒரு நினைப்பு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை அரசு தடை செய்தபோது அவன் அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதில் காசு போட்டு வாங்கிய உடுப்பும் துப்பாக்கியும் தன்னுடையவை என்று அவன் நம்பியிருந்தான். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ என்ற பந்தய கேமின் சர்வரை மூடியபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் திறக்க முடியாமல் போனது. ஐரோப்பாவில் அதை எதிர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2025 முதல், விற்பது உரிமம்தான், பொருள் அல்ல என்று கடைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. பையனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: இணையம் இல்லாமல் ஓடுகிற கேமுக்கு மட்டும் பெரிய காசு கொடு, மற்றதற்கு சினிமா டிக்கெட் அளவுக்கு மேல் போகாதே.

இப்போது நான் ஊரிலிருந்தே தனியாக வேலை எடுக்கிறேன். சின்ன ஸ்டூடியோக்கள், சில கட்டட வரைகலை அலுவலகங்கள். தொடங்கும்போது என்னிடம் காட்ட ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது, ரெஃபரன்ஸுக்காக வருஷக்கணக்கில் என் சொந்தப் போனில், என் விடுமுறை நாட்களில் எடுத்த படங்கள். கம்பெனிக்குச் செய்த படித்துறையைத் திரும்பச் செய்ய எனக்கு உரிமை இல்லை, செய்யவும் இல்லை. பாபநாசத்துக் கல் மீது யாருக்கும் ஒப்பந்தம் கிடையாது.

வேலை போனதற்கு அடுத்த ஜூனிலிருந்து புதிதாகவே எடுத்தேன். கல்லின் டெக்ஸ்சர், அதாவது மேற்பரப்புப் படம், எடுக்க வெயில் ஆகாது, நிழல் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு நம் சாரல் காலம்தான் சரி. குற்றாலத்தில் சீசன் களைகட்டும்போது இங்கேயும் வானம் மூட்டமாகி, வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். தூறல் விட்டு அரை மணி நேரம், கல் ஈரம் இழுத்த பிறகு, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் பாதிக்கு மேல் படிகிற மாதிரி சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். காரையார் போகும் வழிப் பாறைகள், சொரிமுத்து அய்யனார் கோவில் பக்கத்து வேர்கள், அம்பையின் பழைய கால்வாய் மடை, தெருவில் இடிந்து நிற்கும் செங்கல் சுவர். முந்நூறுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. இவற்றை உரிமத்துக்கு விற்கிறேன், உரிமை என்னிடமே இருக்கிறது. மாச வருமானம் பெங்களூர்ச் சம்பளத்தில் முக்கால்வாசிதான். வாடகை இல்லை.

ஒப்பந்தத்தில் இப்போது நான் விடாமல் கேட்கும் வரிகள் மூன்று. முதலாவது பணம்: முன்பணம் முப்பது சதவீதம். பாதியில் நிறுத்தினால் அதுவரை செய்ததற்கும் அடுத்த கட்டத்தின் பாதிக்கும் பணம். இரண்டாவது, கேம் வெளிவந்தாலோ, கைவிடப்பட்டு ஒரு வருஷம் ஆனாலோ நான் செய்ததில் ஐந்து படங்களைக் காட்டிக்கொள்ளலாம். வெளிவந்தால் பெயர்ப் பட்டியலில் என் பெயர். மூன்றாவது, கம்பெனி கைமாறினால் பதினைந்து நாளுக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டும், புதியவர் இந்த ஒப்பந்தத்தை அப்படியே ஏற்க வேண்டும். இரண்டாவது வரிக்குத்தான் அதிகம் தயங்குகிறார்கள். ஒரு வருஷத்தை ஒன்றரை வருஷமாக்கிக்கொள்ளுங்கள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கிளையன்ட் பட்டியலையும் இப்போது வேறு மாதிரி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முதலாளி யார், அவருக்கு முதலாளி யார் என்று எழுதி, ஒரே வீட்டிலிருந்து வரும் பணம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் இது ஓயவில்லை. ஆக்டிவிஷன் விற்பனை 2023 அக்டோபர் 13இல் முடிந்தது, 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. அந்த வருஷம் மே மாசம், முந்தின வருஷம்தான் பாராட்டு வாங்கிய கேமைச் செய்த டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸையும் மூடுவதாகச் சொன்னது. ஆகஸ்டில் அதைக் கொரியாவின் கிராஃப்டன் எடுத்துக்கொண்டது. எங்களைப் போன்ற வெளிவேலைக்காரர்களின் பெருங்கம்பெனியான கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸையே 2024இல் ஈ.க்யூ.டி. என்ற முதலீட்டுக் கம்பெனி 200 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து எடுத்தது. 2025 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக, சவுதி அரசின் முதலீட்டு நிதி உள்ளிட்ட குழு ஒன்று அறிவித்தது. அதில் 2,000 கோடி கடன். அந்தக் கடனுக்கு வட்டி எந்த மேஜையிலிருந்து எடுக்கப்படும் என்று படித்ததும் எனக்குப் பழைய அணியின் முகங்கள்தான் ஞாபகம் வந்தன.

போன மாசம் என் கிளையன்ட் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, பன்னிரண்டு பேர் கொண்ட ஸ்டூடியோ. “ஒரு சந்தோஷச் செய்தி” என்று தலைப்பு. திறப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. வாழ்த்து எழுதினேன், மனசாரத்தான் எழுதினேன், அவர்கள் ஏழு வருஷம் பட்ட பாடு எனக்குத் தெரியும். கீழே ஒப்பந்தத்தின் பதினோராம் வரியைக் குறிப்பிட்டு, புதியவரின் ஏற்புக் கடிதம் எப்போது வரும் என்று கேட்டிருந்தேன். நாலாம் நாள் வந்தது. இரண்டு பக்கம். தாத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்: “தேதி என்ன போட்டிருக்கான்?”

பழைய தேதியையே போட்டிருந்தார்கள். அச்செடுத்து வைத்துவிட்டு, பாதியில் நின்ற கல்மண்டபத் தூணுக்குத் திரும்பினேன். அடிப்பகுதியில் எண்ணெய்க் கறை இன்னும் கொஞ்சம் கறுக்க வேண்டியிருக்கிறது.